நட்ட கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது யார்?

இளைஞர்களுக்கென்று உள்ளாட்சிப் பணம் உண்டா? கல்மண்டபத்தில் தொடங்கி நம் கிராம சபை வரை ஒரு கணக்கு

கிராம சபைக் கூட்டத்தில் சாலை, குடிநீர், தெருவிளக்கு என்று எல்லாம் பேசி முடித்த பிறகு, பின்வரிசையில் நிற்கும் இளைஞர்களில் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்பார்: 'எங்களுக்கு என்ன இருக்கு?' வாலிபால் வலை கிழிந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். நூலகக் கட்டடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்றே தெரியாது. 'பார்க்கலாம் தம்பி' என்ற பதிலோடு கூட்டம் முடிந்துவிடும்.

ஊராட்சிப் பணத்தில் இளைஞர்களுக்குப் பங்கு உண்டா? உண்டு என்றால் எந்தத் தலைப்பில், யாரிடம், எப்படிக் கேட்பது? இதற்குப் பதில் தேட, கிராமத்தை விட்டுச் சற்றுத் தள்ளிப் போய் வரலாம். சென்னையின் வடக்கே ராயபுரத்தை ஒட்டிய கல்மண்டபம் அதற்குச் சரியான இடம். மீன்பிடித் தொழிலாளர், துறைமுகத் தொழிலாளர், லாரி ஓட்டுநர் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் பகுதி. சமீப ஆண்டுகளில் அரசுப் பணம் அதிகமாக இறங்கியதும் இந்த வட சென்னையில்தான். பணம் வந்த இடத்திலேயே எது முளைத்தது, எது கருகியது என்று பார்த்தால், நம் ஊராட்சிக்கும் பாடம் கிடைக்கும்.

கடல் கொண்டுபோன திடல்

விவசாயிக்கு மண் அரிப்பைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வட சென்னை இளைஞர்களின் கதையும் மண் அரிப்பில்தான் தொடங்குகிறது.

வங்கக் கடலோரத்தில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் தடுப்புச் சுவர் எழுப்பினார்கள். ஓடைக்குக் குறுக்கே வரப்புக் கட்டினால் மேட்டுப் பக்கம் வண்டல் சேர்ந்து, கீழ்ப் பக்கம் அரிக்குமே, அதுபோல ஆனது. தெற்கே மணல் குவிந்து மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கரைகள் கரைந்தன. இன்று அந்தக் கரையின் பெரும்பகுதியில் மணலுக்குப் பதிலாகக் கருங்கல் குவியல்தான் இருக்கிறது.

கடற்கரை என்பது செலவில்லாத விளையாட்டுத் திடல். அதைத் தென் சென்னைப் பிள்ளைகள் பெற்றார்கள். வட சென்னைப் பிள்ளைகள் இழந்தார்கள். மிச்சமிருந்த நிலத்தில் சேமிப்புக் கிடங்குகளும், ஆலைகளும், கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலைகளும் வந்துவிட்டன.

இந்த நெருக்கடியில்தான் கேரம் பலகை அங்கே செழித்தது. போட்டிக்கான கேரம் பலகை ஏறத்தாழ 29 அங்குலச் சதுரம்தான். நான்கு பேர் உட்கார ஒரு திண்ணை போதும். புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த காசிமா, 17 வயதில், 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மகளிர் ஒற்றையர், இரட்டையர், குழு என மூன்று தங்கம் வென்றார். ஆட்டோ ஓட்டுநரான அவருடைய தந்தையே அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர். தமிழக அரசு காசிமாவுக்கு 1 கோடி ரூபாய் ஊக்கத்தொகை வழங்கியது.

அது பாராட்டுக்குரிய செயல்தான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பணம் அறுவடைக்குப் பிறகு வந்த பரிசு. விதைத்தபோதும் களை எடுத்தபோதும் செலவு செய்தவர்கள் குடும்பத்தாரும் தெருக்காரர்களும். ஜெயித்த பிள்ளைக்கு மாநில அரசு இருக்கிறது. இன்னும் ஜெயிக்காத பிள்ளைக்கு யார்? அந்தத் தெருவுக்கு மிக அருகில் இருக்கும் அரசு, உள்ளாட்சிதான்.

பணம் எங்கிருந்து வருகிறது, எதற்குப் போகிறது?

கல்மண்டபம் பெருநகர சென்னை மாநகராட்சியின் ராயபுரம் பகுதியில் இருக்கிறது. மாநகராட்சியில் 200 வார்டுகள். திருவொற்றியூரும் எண்ணூரை அடுத்த கத்திவாக்கமும் 2011 வரை தனி நகராட்சிகளாக இருந்து, பிறகு மாநகராட்சியோடு சேர்ந்தவை. அந்த வார்டுகளுக்குப் பணம் மூன்று வாய்க்கால்களில் வருகிறது.

முதல் வாய்க்கால், மாநிலத்தின் சிறப்புத் திட்டம். 2023-24 தமிழக நிதிநிலை அறிக்கையில் வட சென்னை வளர்ச்சித் திட்டம் அறிவிக்கப்பட்டது. மூன்று ஆண்டுகளில் 1,000 கோடி ரூபாய் என்று சொல்லித் தொடங்கிய திட்டம், 2024 மார்ச் 14-ஆம் தேதி தங்கசாலையில் தொடங்கி வைக்கப்பட்டபோது 4,181 கோடி ரூபாய்த் திட்டமாகியிருந்தது. குடியிருப்பு, குடிநீர், கழிவுநீர், சாலை, பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் என்று பல துறைகளின் பணிகள் அதில் அடங்கும். தேவையான பணிகள்தான். அவற்றில் மிகப் பெரும்பாலானவை கட்டுமானப் பணிகள்.

இரண்டாவது வாய்க்கால், மத்திய நிதி ஆணைய மானியம். 15-ஆவது நிதி ஆணையம் 2021-22 முதல் 2025-26 வரைக்கும் வகுத்த முறையில், சென்னை போன்ற 10 லட்சம் பேருக்கு மேல் வாழும் பெருநகரங்களுக்கான மானியம் காற்றுத் தூய்மை, குடிநீர், கழிவுநீர், குப்பை மேலாண்மை ஆகியவற்றோடு கட்டிவைக்கப்பட்டது. இளைஞர் நலன் என்று அதில் கேட்க முடியாது.

மூன்றாவது வாய்க்கால், மாநகராட்சியின் சொந்தப் பணம். சொத்து வரி, தொழில் வரி முதலியவை. இதிலிருந்து ஒவ்வொரு கவுன்சிலருக்கும் வார்டு மேம்பாட்டு நிதி ஒதுக்கப்படுகிறது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் இது 50 லட்சத்திலிருந்து 60 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. 200 வார்டுக்கும் சேர்த்து 120 கோடி ரூபாய்.

கேட்கப் பெரிய தொகைதான். பிரித்துப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பின்படி மாநகராட்சிப் பகுதியில் வாழ்ந்தவர்கள் சுமார் 66 லட்சம் பேர். ஒரு வார்டுக்குச் சராசரி 33,000 பேர். 60 லட்சத்தை 33,000-ஆல் வகுத்தால், ஆளுக்கு ஆண்டுக்கு 180 ரூபாய் சொச்சம். இதற்குள்தான் உடைந்த நடைபாதை, மழைநீர் வடிகால், தெருவிளக்கு, பள்ளிக் கட்டட மராமத்து எல்லாம் வரிசையில் நிற்கின்றன. கேரம் பலகையும் கால்பந்துப் பயிற்றுநரும் அந்த வரிசையின் கடைசியில்.

இதற்குச் சட்டத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. உள்ளாட்சிகளுக்கு அரசமைப்பில் இடம் கொடுத்தவை 73, 74-ஆவது திருத்தங்கள். நகராட்சிகளுக்கான 12-ஆவது அட்டவணையில் 18 பொருள்கள் உண்டு. பூங்கா, விளையாட்டுத் திடல் அதில் இருக்கின்றன. கல்வி, பண்பாட்டு வளர்ச்சியும் இருக்கிறது. ஊராட்சிகளுக்கான 11-ஆவது அட்டவணையின் 29 பொருள்களில் முதலாவது வேளாண்மை. தொழிற்பயிற்சி, நூலகம், பண்பாட்டு நிகழ்ச்சிகளும் அந்தப் பட்டியலில் உண்டு. இரண்டு பட்டியலிலும் 'இளைஞர்' என்று ஒரு தனி வரி கிடையாது. தலைப்பு இல்லாத செலவுக்குப் பணம் ஒதுக்க எந்த அலுவலரும் தயங்குவார். திடல் என்றால் ஒதுக்கலாம். அந்தத் திடலில் பிள்ளைகளுக்கு விளையாடக் கற்றுக்கொடுக்கிற ஆளுக்கு எந்தத் தலைப்பில் ஒதுக்குவது?

120 ரூபாய்ப் பாடம்

இந்த இடைவெளி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2024 அக்டோபர் கடைசியில் நடந்தது நல்ல சான்று.

சென்னை மாநகராட்சி பல கோடி ரூபாய் செலவில் செயற்கைப் புல்தரை கொண்ட கால்பந்துத் திடல்களை அமைத்திருந்தது. அவற்றில் 9 திடல்களின் பராமரிப்பைத் தனியாரிடம் ஒப்படைக்க மன்றக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறியது. வியாசர்பாடி, நேவல் மருத்துவமனை சாலை போன்ற வட சென்னைத் திடல்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. விளையாட வருபவர் ஒருவருக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் கட்டணம் என்று சொல்லப்பட்டது.

கணக்குப் போட்டால், தினமும் ஒரு மணி நேரம், மாதம் 25 நாள் விளையாடும் பையனுக்கு மாதம் 3,000 ரூபாய். வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்றால் 6,000 ரூபாய். வியாசர்பாடியில் 1990-களின் இறுதியிலிருந்து தன்னார்வலர்கள் பிள்ளைகளைத் திரட்டிக் கால்பந்தும், கூடவே மாலைப் படிப்பும் சொல்லிக்கொடுத்து வருகிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் இந்தக் கட்டணம், திடலுக்குப் பூட்டுப் போடுவதற்குச் சமம்.

எதிர்ப்பு உடனே கிளம்பியது. விளையாட்டு வீரர்களும் கட்சிகளும் பெற்றோரும் பேசினார்கள். வட சென்னையைச் சேர்ந்தவரான மேயர் ஆர். பிரியா, திடல்களில் கட்டணமின்றி விளையாடலாம் என்று அடுத்தடுத்த நாள்களிலேயே அறிவித்தார், தீர்மானம் கைவிடப்பட்டது.

கட்டணம் போனது நல்லது. ஆனால் அந்தத் தீர்மானம் எதனால் வந்தது என்பதை யோசிக்க வேண்டும். செயற்கைப் புல் என்றாலும் அதற்கும் பராமரிப்பு உண்டு. கிழிந்தால் ஒட்ட வேண்டும், சுத்தம் செய்ய வேண்டும், விளக்குக்கு மின் கட்டணம் கட்ட வேண்டும், காவலுக்கு ஆள் வேண்டும். திடல் அமைக்கப் பணம் ஒருமுறை வந்தது. ஒவ்வொரு மாதமும் பராமரிக்கப் பணம் வரும் வழியை ஆரம்பத்திலேயே யாரும் வகுக்கவில்லை என்றால், ஐந்தாவது வருடத்தில் இரண்டே முடிவுதான்: கட்டணம் வாங்குவது, அல்லது பாழாக விடுவது.

தென்னங்கன்று நட மானியம் வாங்கிவிட்டு, கோடையில் தண்ணீருக்கு வழி பார்க்காதவரின் தோப்பு எப்படி இருக்கும்? கன்று நட்ட எண்ணிக்கை பதிவேட்டில் இருக்கும். தோட்டத்தில் மட்டை காய்ந்திருக்கும்.

வருமானம் கட்டிவைக்கப்பட்ட நூலகம்

உள்ளாட்சி வரி ஒன்றை இளைஞர்களுக்குப் பயன்படும் ஒரு வேலைக்கென்றே கட்டிவைத்த நல்ல முன்மாதிரி தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. அது நூலக வரி.

1948-ல் அன்றைய சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ்.ஆர். அரங்கநாதனின் முயற்சி அதன் பின்னால் இருந்தது. அந்தச் சட்டப்படி, நாம் கட்டும் வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 பைசா வீதம் நூலக வரி சேர்த்து வசூலிக்கப்படுகிறது. கிராமத்தில் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், அந்த வரி தனியாக இருக்கும். 500 ரூபாய் வரி கட்டினால் 50 ரூபாய் நூலகத்துக்கு. உள்ளாட்சி அதை வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுக்க வேண்டும். வேறு செலவுக்குத் திருப்பக் கூடாது.

ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கும் பணம் என்பதால்தான், பொது நூலகத்துக்கு நூலகரும் புத்தகமும் நாளிதழும் தொடர்ந்து கிடைக்கின்றன. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் எத்தனையோ பிள்ளைகளுக்குக் கிளை நூலக மேசைதான் பயிற்சி மையம். 2024 நவம்பரில் கொளத்தூரில் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகம், குறைந்த கட்டணத்தில் படிக்கவும் வேலை பார்க்கவும் இடம் கொடுத்ததும், வீட்டில் மேசை போட இடமில்லாத வட சென்னை இளைஞர்களுக்கு அது எவ்வளவு தேவை என்பது தெரிந்தது.

இதோடு கிராமங்களில் நடந்ததை ஒப்பிடுங்கள். 2006-ல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில், ஊராட்சிதோறும் ஒரு நூலகக் கட்டடமும் ஒரு விளையாட்டுத் திடலும் கிடைத்தன. அரிய வாய்ப்பு அது. பொறுப்பான ஆள் இருந்த ஊர்களில் அவை நிலைத்தன. ஆள் இல்லாத ஊர்களில் நூலகக் கட்டடம் பூட்டிக் கிடந்தது. திடலில் வேலிக்கருவை முளைத்தது. இரண்டு ஊருக்கும் ஒரே திட்டம், ஒரே பணம்தான். தண்ணீர் ஊற்றியவர் இருந்தாரா என்பதில்தான் வித்தியாசம்.

வெளியூர்க்காரர்கள் என்ன செய்தார்கள்?

ஐஸ்லாந்து என்ற சிறிய தீவு நாட்டில் 1998-ல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 விழுக்காட்டினர், முந்தைய ஒரு மாதத்தில் குடித்துப் போதையில் இருந்ததாகச் சொன்னார்கள். 2016-ல் அது 5 விழுக்காடாகக் குறைந்தது. தினமும் புகைத்தவர்கள் 23 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காடானார்கள்.

அவர்கள் செய்தது என்ன? ஆண்டுதோறும் பிள்ளைகளிடமே கேட்டுக் கணக்கெடுத்தார்கள். இரவில் பிள்ளைகள் வெளியே சுற்றுவதற்கு நேர வரம்பு வைத்தார்கள். பெற்றோரை ஒன்றுசேர்த்தார்கள். கூடவே விளையாட்டு, இசை, நடன மன்றங்களுக்கு உள்ளாட்சிப் பணத்தைக் கூட்டிக் கொடுத்தார்கள். தலைநகர் ரேக்யவிக்கின் நகராட்சி, ஒவ்வொரு பிள்ளையின் பெயரிலும் ஆண்டுக்கு 35,000 குரோனா வரை ஒதுக்கியது. நம் கணக்கில் 20,000 ரூபாய்க்கு மேல். அந்தப் பணத்தைக் கையில் தரவில்லை. பிள்ளை எந்த மன்றத்தில் சேர்கிறதோ அந்த மன்றத்தின் கட்டணத்துக்குப் போகும். அதனால் கட்டடத்துக்குப் போகாமல் பயிற்சிக்கே பணம் போய்ச் சேர்ந்தது.

ஐஸ்லாந்தின் வசதி நமக்கு இல்லை என்பார்கள். பக்கத்திலுள்ள கேரளத்தைப் பாருங்கள். 1996 ஆகஸ்டில் தொடங்கிய மக்கள் திட்டத்தில் மாநிலத் திட்டப் பணத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்கு விடப்பட்டது. அங்கே கேரளோத்சவம் என்ற இளைஞர் விழா ஊராட்சி அளவில் தொடங்கி, ஒன்றியம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக நடக்கிறது. மாநில இளைஞர் நல வாரியமும் உள்ளாட்சிகளும் சேர்ந்து நடத்துகின்றன. அதனால் ஒவ்வோர் ஊராட்சியிலும் இளைஞர் விழா என்பது ஆண்டுதோறும் திரும்ப வரும் செலவாகிவிடுகிறது.

நம் ஊராட்சியில் என்ன கேட்கலாம்?

ஊராட்சிக்கு வரும் நிதி ஆணைய மானியத்தில், 2021-26 முறைப்படி, 60 விழுக்காடு குடிநீர், சுகாதாரத்துக்குக் கட்டிவைக்கப்பட்டது. மீதி 40 விழுக்காட்டை ஊரின் தேவைக்கேற்பச் செலவு செய்யலாம். ஆனால் சம்பளத்துக்கும் அலுவலகச் செலவுக்கும் அதைத் தொடக் கூடாது. திடலைச் சமன் செய்ய, வேலி போட, விளக்கு வைக்க அதில் இடம் உண்டு. பயிற்றுநருக்குச் சம்பளம் தர இடமில்லை. ஊராட்சியின் சொந்த வருவாயில்தான் அந்த மாதிரி செலவுக்குக் கொஞ்சம் வழி இருக்கிறது.

ஆகவே கேட்பதிலும் ஒரு முறை வேண்டும்.

ஒன்று, நிலத்தை அளந்து கேளுங்கள். கபடிக் களம் 13 மீட்டருக்கு 10 மீட்டர். அதாவது 3¼ சென்ட். வாலிபால் களம் 18 மீட்டருக்கு 9 மீட்டர், 4 சென்ட். சுற்றிலும் 3 மீட்டர் இடம் விட்டால் 9 சென்ட் ஆகும். முழு அளவு கால்பந்துத் திடலுக்கு ஒன்றேமுக்கால் ஏக்கர் வேண்டும். 10 சென்ட் இடம் மட்டும் உள்ள ஊர், கால்பந்துத் திடல் கேட்டு ஐந்து வருடம் காத்திருப்பதைவிட, வாலிபால் களம் கேட்டு அடுத்த மாதமே விளையாடத் தொடங்கலாம்.

இரண்டு, மாதச் செலவைச் சேர்த்துக் கேளுங்கள். பந்து, வலை, கோடு போடச் சுண்ணாம்பு, மின் கட்டணம், புதர் நீக்கும் கூலி என்று ஓர் ஆண்டுக்கான பட்டியலை ஒரு தாளில் எழுதுங்கள். எந்தச் செலவை ஊராட்சி ஏற்க வேண்டும், எதை மன்றம் ஏற்கும் என்று இரண்டு பத்தியாகப் பிரித்துக் காட்டுங்கள். சென்னைத் திடல்களில் விட்டுப்போனது இந்தத் தாள்தான்.

மூன்று, நாளறிந்து கேளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் காலத்துக் கிராம சபையில் கோரிக்கை தீர்மானமாக ஏறினால்தான் அடுத்த ஆண்டுக் கணக்கில் அதற்கு இடம் கிடைக்கும். வாய்மொழியாகச் சொல்லாமல் எழுதிக் கொடுத்து, தீர்மான எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். தனி அலுவலர் இருந்தாலும் கிராம சபையின் உரிமை அப்படியேதான் இருக்கிறது.

நான்கு, வந்ததைக் கணக்குக் கேளுங்கள். 2024-ல் தொடங்கிய கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் திட்டம் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கானது. உங்கள் ஊராட்சிக்கு வந்த பை எங்கே இருக்கிறது, யார் பொறுப்பில் இருக்கிறது, பிள்ளைகள் எப்போது எடுத்து விளையாடலாம் என்று கேட்பது உங்கள் உரிமை.

ஐந்து, பெண் பிள்ளைகளின் நேரத்தைத் தனியாகக் கேளுங்கள். திடல் பொது என்று சொல்லிவிட்டால், மாலையில் அது ஆண் பிள்ளைகளின் திடலாகத்தான் இருக்கும். வாரத்தில் எந்த நாள், எந்த நேரம் பெண்களுக்கு என்று தீர்மானத்திலேயே எழுத வேண்டும். மூன்று உலகத் தங்கம் கொண்டுவந்தது ஒரு பெண் பிள்ளை என்பதை எதிர்ப்புச் சொல்பவர்களுக்கு நினைவூட்டலாம்.

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் இளைஞர் மன்றம் பதிவு செய்யப்படவில்லை. பதிவு அவசியமா?

பதில்: கிராம சபையில் கோரிக்கை வைக்கப் பதிவு தேவையில்லை, வாக்காளராக இருந்தால் போதும். ஆனால் மன்றத்தின் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்க, உதவித்தொகை வாங்க, பொருள்களைப் பொறுப்பேற்கப் பதிவு உதவும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ், குறைந்தது 7 பேர் சேர்ந்து மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யலாம். பிறகு ஆண்டுதோறும் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் தாக்கல் செய்ய வேண்டும். அதை விட்டுவிட்டால் பதிவு இருந்தும் பயன் இல்லை.

கேள்வி: நமக்கு நாமே திட்டத்தில் விளையாட்டுத் திடல் அமைக்க முடியுமா?

பதில்: கேட்கலாம். மதிப்பீட்டில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கை மக்கள் தர வேண்டும். மீதியை அரசு தரும். 3 லட்சம் ரூபாய்ப் பணி என்றால் மக்கள் பங்கு 1 லட்சம். ஊரில் வசதியுள்ளவர்கள், வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் சேர்ந்தால் முடியாததல்ல. வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். ஆனால் பராமரிப்புக்கு யார் பொறுப்பு என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட்டு இறங்குங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்க் குளம் வறண்டு பல வருடமாகிறது. பையன்கள் அதில்தான் கிரிக்கெட் ஆடுகிறார்கள். அதையே திடலாக மாற்றித் தரக் கேட்கலாமா?

பதில்: வேண்டாம். நீர்நிலைப் புறம்போக்கை வேறு பயனுக்கு மாற்றக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் வலியுறுத்தியிருக்கிறது; கிராமப் பொது நிலங்களைக் காப்பது பற்றிய 2011-ஆம் ஆண்டுத் தீர்ப்பு அவற்றில் முக்கியமானது. ஒரு நல்ல மழை பெய்தால் குளத்துக்கு வேலை வந்துவிடும். கிணறுகளுக்கு ஊற்று அதுதான். மேய்க்கால், களத்துமேடு போன்ற இடங்களைக் கேட்பதானாலும் ஊராட்சித் தீர்மானம் மட்டும் போதாது, வருவாய்த் துறையின் ஒப்புதல் வேண்டும். மேய்ச்சலுக்கு அந்த இடத்தை நம்பியிருப்பவர்களையும் கலந்து பேசுங்கள். பள்ளித் திடலை மாலை நேரத்தில் திறந்துவிடக் கேட்பது பல ஊர்களில் இதைவிட எளிய வழி.

கேள்வி: இளைஞர் மேம்பாடு என்றால் விளையாட்டு மட்டும்தானா? விவசாயத்தில் இறங்க நினைக்கும் பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது?

பதில்: வேளாண் அறிவியல் நிலையங்களில் கிராமப்புற இளைஞர்களுக்கான 7 நாள் திறன் பயிற்சிகள் நடத்தப்பட்டு வருகின்றன. காளான், தேனீ, நாற்றங்கால், ஆடு, கோழி வளர்ப்பு போன்றவை அவற்றில் அடங்கும். மாவட்டத்துக்கு மாவட்டம் பாடம் மாறும். உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் விசாரித்து, ஊரில் 10 பேர் சேர்ந்து பெயர் கொடுத்தால், உங்களுக்கு வேண்டிய பாடத்தைக் கேட்டு வாங்கலாம். பயிற்சி நடத்த ஊராட்சிக் கட்டடத்தைத் திறந்துகொடுப்பதும் ஊராட்சி செய்யக்கூடிய உதவிதான். அதற்குப் பணம்கூடத் தேவையில்லை.

கேள்வி: கேட்டும் தரவில்லை என்றால் என்ன செய்வது?

பதில்: அடுத்த கிராம சபையில், முந்தைய தீர்மானத்தின் எண்ணைச் சொல்லி, அதன் மேல் எடுத்த நடவடிக்கை என்ன என்று கேளுங்கள். நடவடிக்கை விவரம் வைப்பது கிராம சபையின் நடைமுறை. சென்னையில் 120 ரூபாய்க் கட்டணம் போனது, விளையாடுகிறவர்களும் பெற்றோரும் சேர்ந்து கேட்டதால்தான். உங்கள் கூட்டத்துக்கும் பிள்ளைகளை மட்டும் அனுப்பாதீர்கள். திடலுக்கு மாதம் எவ்வளவு ஆகும் என்ற அந்த ஒரு தாளை எடுத்துக்கொண்டு, பெரியவர்களும் கூடப் போங்கள்.